மந்திரித்த சுவர்

யாழ்ப்பாணத் தீவகத்தில் கோதிக் என்பது பெரும்பாலும் ஒரு சன்னலின் வடிவம். 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ஊர்காவற்றுறையிலும் அயல் தீவுகளிலும் எழுந்த கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் தடித்த முருகைக்கற் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மரச்சட்டத்தின் மேல் ஓட்டுக்கூரை ஆகியவற்றைக் காணலாம். இவை மூன்றும் அந்த ஊர்களின் பெரிய வீடுகளுக்கும் பொது. சுவரில் திறந்த சன்னல் மட்டும் மேலே போகப் போக ஒடுங்கி, கூப்பிய கைகளைப் போல ஒரு முனையில் சேரும். தூரத்தில் வருகிறவருக்கு இது வீடல்ல, கோயில் என்று சொல்வது அந்த முனைதான்.

12ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் அதே முனைக்குப் பின்னால் கொத்தனின் கணக்கு இருந்தது. அரைவட்ட வளைவுக்கு உயரம் அதன் அகலத்தில் பாதிதான். சுமையையும் அது பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சுமையைக் கீழ்நோக்கி இறக்குகிறது. அகலம் எதுவானாலும் உயரத்தை வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய தள்ளலை வெளியே கைநீட்டி நிற்கும் முட்டுச்சுவர்கள் வாங்கிக்கொண்டன. சுமையிலிருந்து விடுபட்ட சுவரில் நிறக்கண்ணாடி வந்து உட்கார்ந்தது. தீவகத்தில் இந்தக் கணக்குக்குத் தேவையே வரவில்லை. தாங்குவதற்குக் கல் விதானம் இல்லை. சன்னலின் முனை சுமப்பது தனக்கு மேலே உள்ள சில முழச் சுவரை மட்டுமே. ஐரோப்பாவில் கட்டடத்தின் எலும்பாக இருந்தது இங்கே அதன் நெற்றிக்குறியாகிவிட்டது.

அந்தக் குறி வந்து சேர்ந்த வழியும் நேரானதல்ல. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் முதலில் மண்ணாலும் ஓலையாலும், பிறகு முருகைக்கல்லாலும் கோயில்கள் கட்டினார்கள். அவற்றில் கோதிக் இல்லை. 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றைத் தங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டு கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவ் வாஸ் அடிகளின் காலத்தில் பூசை வீடுகளுக்குள் இரவில் நடந்தது. பிரித்தானியர் 1806இல் தடைகளை நீக்கிய பிறகுதான் கத்தோலிக்கர் வெளிப்படையாகக் கோயில் கட்ட முடிந்தது. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையின் குருக்கள் வந்தார்கள். அவர்களில் பலர் பிரான்ஸ் தேசத்தவர். அன்றைய ஐரோப்பாவோ இடைக்காலக் கோதிக்கைத் திரும்பக் கண்டெடுத்த மயக்கத்தில் இருந்தது. அச்சபையை நிறுவிய மார்சேய் ஆயர் யூஜின் தெ மசனோ தம் நகரில் தொடங்கிய பேராலயமும், மலைமேல் உள்ள நோத்ர தாம் தெ லா கார்த் ஆலயமும் பிசாந்தியச் சாயல் கொண்டவை என்பது இதில் ஒரு வேடிக்கை. ஆக, தீவகத்துக்கு வந்த கோதிக் வரும்போதே ஒரு மீட்டுருவாக்கம். இத்தகைய கோயில் ஒன்று இடிந்து, அதன் 'மூல வடிவத்தை' மீட்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த மூலம் என்று கேட்க இடமிருக்கிறது.

அந்தப் பாணிக்கு ஓர் இறையியலும் உண்டு. 1140களில் பாரிசுக்கு அருகே சான் தெனி மடத்துக் கோயிலின் கிழக்குப் பகுதியைப் புதுப்பித்த மடாதிபதி சூஜே, நிறக்கண்ணாடி வழியாக வரும் ஒளி மனத்தைப் பொருளிலிருந்து பொருளற்றதற்கு ஏற்றிச் செல்லும் என்று நம்பினார். வெயிலுக்கு ஏங்கும் வடநாட்டில் அந்த நம்பிக்கைக்கு உடனே பொருள் கிடைக்கும். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ நடுப்பகல் வெயில் யாரையும் மேலே ஏற்றுவதில்லை; நிழல் தேடி ஓட வைக்கும். அதனால் இங்கே கூர்வளைவுச் சன்னலுக்கு மரக்கதவு போட்டார்கள். பிற்பகலில் அவற்றைச் சாத்திவிட்டால் உள்ளே பீடத்து விளக்கும், கதவிடுக்கில் கீற்றாக விழும் வெளிச்சமும்தான். சைவக் கோயிலின் கருவறையும் அப்படித்தான்: வெளிச்சத்திலிருந்து மண்டபம் மண்டபமாக இருளுக்குள் போய், கடைசியில் ஒரு தீபத்தின் முன் நிற்பது. ஒளியைக் கொண்டாடப் பிறந்த சன்னல் தீவகத்தில் இருட்டைக் காவல் காத்தது. இதைக் கோதிக்கின் தோல்வி என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு எது பக்தியோ அதற்கு வடிவம் வளைந்து கொடுத்திருக்கிறது.

இனிக் கல். முருகைக்கல் கடல் தந்த கல்; கிட்டே போய்ப் பார்த்தால் தேன்கூடு போலக் கண்கள் தெரியும். வெட்டி எடுத்த புதிதில் மென்மையாக இருந்து காற்றுப்பட இறுகும். அதே முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. ஆகவே சுவரும் சாந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்தச் சுவர் மூச்சுவிடும்: நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை உறிஞ்சிச் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு, பூச்சுக்குப் பின்னால் பளிங்காகப் பூத்து அதை வெளியே தள்ளும். சில மழைக்காலம் கழிந்ததும் சுவரின் அடியில் பூச்சு உப்பி, விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். பிறகு தட்டுத் தட்டாக விழும்போது பழைய கல்லின் மேற்பரப்பையும் மாவாக உரித்துக்கொண்டு போகும். நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கல்லைத் தின்கிற கதை தீவகத்தில் புதிதல்ல. சுண்ணாம்புக்குத் திரும்பவும் வழி சுலபமில்லை. கடற்கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பதற்கு 1980களிலிருந்து சட்டத் தடை இருக்கிறது. கடலரிப்பைத் தடுக்க அந்தத் தடை வேண்டியதும்கூட. இடிந்த சுவரின் கல்லையே பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தால்தான் அதே கல்லில் திரும்பக் கட்டலாம்.

உள்நாட்டுப் போரின் 1990–91 படை நடவடிக்கைகளோடு தீவகத்து மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். ஆளில்லாத கோயிலின் அழிவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஓடு போகும். பிறகு சட்டமும் வளையும். கூரை போன சுவரின் தலை வழியாக மழை இறங்கிச் சாந்தைக் கரைக்கும். பறவை போட்ட ஆலம்விதையோ அரசம்விதையோ அந்த வெடிப்பில் வேர்விடும். அதற்குப் பிறகு சுவரைக் காப்பதும் இடிப்பதும் அந்த வேர்தான். பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். எறிகணையும் குண்டும் இந்த ஒழுங்கைச் சுருக்கின. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயமும், 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. நவாலியில் அங்கே தஞ்சமடைந்திருந்தவர்கள் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் மேல் எறிகணை விழுந்தது.

இப்படிப்பட்ட கோயில் இன்னும் கோயில்தானா? கத்தோலிக்கத் திருச்சபை இதற்குச் சட்டமாகவே பதில் வைத்திருக்கிறது. ஒரு பெரிய ஆலயத்தை நேர்ந்தளிக்கும் சடங்கில் ஆயர் பீடத்தில் மட்டுமன்றிச் சுவரிலும் பன்னிரண்டு இடத்தில், அல்லது நான்கு இடத்தில், கிறிஸ்மா தைலம் பூசுவார். ஞானஸ்நானத்தில் குழந்தையின் உச்சந்தலையில் பூசுகிற அதே தைலம். ஊர்ப்பேச்சில் 'கோயில் மந்திரிச்சாச்சு' என்பதற்குள் இதெல்லாம் அடங்கும். அப்படியானால் புனிதம் சுவரில் ஏறியிருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1212ஆம் விதி, புனித இடம் பெரும் பகுதி அழிந்துபோனால், அல்லது நிரந்தரமாக உலகப் பயன்பாட்டுக்குப் போனால், நேர்ந்தளிப்பை இழக்கிறது என்கிறது. எவ்வளவு அழிந்தால் பெரும் பகுதி என்று அளவு சொல்லவில்லை. கூரை மட்டும் போனால் சுவர் இருக்கிறது; தைலம் பட்டது சுவர்தான். நான்கு சுவரில் இரண்டு போனால்? 1238ஆம் விதி இன்னொரு முடிச்சைப் போடுகிறது: கோயில் உலகப் பயன்பாட்டுக்கு விடப்பட்டாலும் அதன் பீடம் தன் புனிதத்தை இழப்பதில்லை. இரத்தம் சிந்தியதுபோன்ற கொடுமையால் இடம் மாசுபட்டிருந்தால் 1211ஆம் விதிப்படி பரிகாரச் சடங்கு முடியும்வரை அங்கே வழிபாடு கூடாது. இந்த விதிகளில் வழக்கறிஞரின் வாடை அடிக்கிறது என்று குறை சொல்லலாம். ஆனால் புனிதம் என்பதைக் கல்லோடும் இடத்தோடும் இவ்வளவு தைரியமாகப் பிணைத்துப் பேசுவது எளிய காரியமல்ல.

ஆகமம் பிடிக்கும் வழி வேறு. சீரணோத்தாரணம் என்ற பழுதுபார்ப்பு தொடங்குமுன் மூர்த்தியிலுள்ள சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு வரவழைத்து, பாலாலயம் என்ற சிறு தற்காலிகக் கோயிலில் எழுந்தருளப் பண்ணுவார்கள். பூசை அங்கே நடக்கும். காலியான கோயிலில் சிற்பாசாரியாரும் மேசனும் உளியோடும் கரண்டியோடும் நுழைவார்கள். வேலை முடிந்து, அட்டபந்தன மருந்து சாத்தி, கும்பாபிடேகத்தில் சாந்நித்தியம் திரும்பக் குடியேறும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம் என்பதால் பழுது என்பது விபத்தாக அல்ல, முறையாகவே எண்ணப்படுகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்பது மரபு. 1958இலும் 1986இலும் அது தாக்கப்பட்டது. 2012இல் எழுந்த 108 அடி உயர இராசகோபுரத்தோடு இன்று நிற்கிறது. பழைய கல் எவ்வளவு மிஞ்சியது என்று அங்கே கும்பிட வருகிறவர் யாரும் கேட்பதில்லை. அதே தீவின் நாகவிகாரை சார்ந்த பௌத்த மரபிலும் இணையான ஒரு வழக்கம் இலங்கை முழுதும் உண்டு: பழைய தாதுகோபத்தை இடிக்காமல் அதன் மேலேயே பெரிய தாதுகோபத்தைப் போர்த்துவது. மகியங்கனைத் தாதுகோபம் அப்படிப் பலமுறை வளர்ந்தது என்று மகாவம்சம் கூறுகிறது. பழையது உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஆனால் எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆகமத்தில் வீட்டை உடைக்குமுன் குடியிருப்பவர் வெளியேறுகிறார். திருச்சபைச் சட்டத்தில் வீடு உடைந்தால் குடியும் போகிறது. இரண்டும் எதிரெதிர் என்று தோன்றும். தமிழ்க் கத்தோலிக்கரின் நடைமுறையைப் பார்த்தால் அந்த முரண் கரைகிறது. ஒல்லாந்தர் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைக் காட்டுக்குள் எடுத்துப் போனதிலிருந்துதான் மடுத் திருத்தலம் தொடங்குகிறது என்பது மரபு. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. சட்டத் தொகுப்பில் இதற்குப் பெயர் கிடையாது. ஆகமம் படித்தவர் இதைப் பாலாலயம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார். சுவர் மந்திரித்ததுதான், ஆனால் சுவரைவிட்டு எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒன்றும் இருக்கிறது என்று இந்த மக்கள் எழுதாமலே முடிவு செய்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் கோதிக்கைச் சீரமைப்பது பற்றிய சண்டை, புனிதத்தைவிட உண்மையைப் பற்றியது. 1844இல் பாரிசின் நோத்ர தாம் பேராலய வேலையை லாசுவோடு சேர்ந்து ஏற்ற கட்டடக்கலைஞர் வியொல்லே லெ டுக், கட்டடத்தை அதன் இலட்சிய முழுமைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கருதினார். அந்த முழுமை வரலாற்றில் ஒருநாளும் இருந்திராவிட்டாலும் பரவாயில்லை. 1859இல் அவர் எழுப்பிய ஊசிக்கோபுரம் இடைக்காலத்தில் இருந்ததன் நகலல்ல. 1849இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் இதற்கு நேர்மாறாக எழுதினார்: கல் இறந்தவர்களின் கைவேலை, அதை மாற்ற உயிரோடிருப்பவர்களுக்கு உரிமையில்லை, காலம் முடிந்தால் அது கௌரவமாக விழட்டும். 1877இல் வில்லியம் மொரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கமே தொடங்கினார். பழையதையும் புதியதையும் பார்த்ததும் பிரித்தறிய வேண்டும் என்ற 1964ஆம் ஆண்டு வெனிசு சாசனத்தின் விதியில் அந்தக் குரல்தான் கேட்கிறது. யப்பானில் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிய மரத்தில் முழுதாகத் திரும்பக் கட்டுவார்கள். இப்படிப்பட்ட மரபுகளை இந்த விதியால் அளக்க முடியாது என்று 1994இல் நாரா ஆவணம் ஏற்றுக்கொண்டது.

ரஸ்கினின் வாதத்தில் அழகு இருக்கிறது. ஆனால் அது அடுத்த தெருவில் கூரையுள்ள இன்னொரு கோயில் இருக்கிறவர்களின் வாதம். இடம்பெயர்ந்து திரும்பிய ஊருக்கு, திருவிழாவுக்குக் கொடியேற்ற வேண்டிய ஊருக்கு, இடிபாட்டை இடிபாடாகவே மதித்து வைத்திருக்க வசதி கிடையாது.

2019ஆம் ஆண்டின் பரிசுத்த வாரம் இந்தக் கேள்விகளை ஒரே வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஏப்ரல் 15 திங்களன்று நோத்ர தாமின் கூரை எரிந்து ஊசிக்கோபுரம் விழுந்தது. ஆறு நாள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆலயம் பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தைப் பார்த்துக் கோதிக் பாணியில் கட்டப்பட்டது. அந்த ரெய்ம்சோ 1914இல் செர்மன் எறிகணையில் எரிந்தது. அதைச் சீரமைத்த ஆன்றி தெனே எரிந்த மரக்கூரைக்குப் பதிலாகச் சிறுசிறு கொங்கிறீற்றுத் துண்டுகளை வார்த்து இணைத்து, கீழே நிற்பவர் கண்ணில் படாத கூரைச் சட்டம் அமைத்தார். 1938இல் பேராலயம் முழுமையாகத் திறந்தது. நோத்ர தாமில் எதிர்வழி: கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கருவாலி மரமே வேண்டும் என்று முடிவாயிற்று. ஊசிக்கோபுரத்தையும் அப்படியே திரும்ப வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் 'பொய்', எரிந்துபோனதும் மூலமாகிவிட்டது. 2024 டிசம்பரில் கதவு திறந்தது. கட்டுவாப்பிட்டியவில் மூன்றே மாதத்தில், 2019 ஜூலையில், ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கூரையும் ஓடும் புதிது. இரத்தம் தெறித்த கிறிஸ்து சொரூபத்தை மட்டும் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்தார்கள். எல்லாவற்றையும் மீட்டுவிட்டு ஒன்றை மீட்க மறுப்பது என்ற இந்த முடிவு எந்தச் சாசனத்திலிருந்தும் எடுத்ததல்ல. பழைய திருப்பண்ட வணக்கத்தின் தர்க்கம் அது. தீவகத்து ஆலயங்களுக்கு ஐந்தாண்டும் கிடைக்கவில்லை, மூன்று மாதமும் கிடைக்கவில்லை. பணம் சேர்ந்தபோது ஒரு சுவர், வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கம் அனுப்பியபோது ஒரு கூரை என்று தவணை முறையில்தான் பல கோயில்கள் எழுந்தன.

பார்க்க ஆளில்லாத கோயிலின் கதி யாழ்ப்பாணக் கோட்டைக்குள் தெரிகிறது. 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் கட்டிய குருய்ஸ் கெர்க் தேவாலயம் 1990 முற்றுகையில் தகர்ந்தது. 2010க்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு கோட்டை மதில்களைத் திரும்பக் கட்டினார்கள். தேவாலயம் முருகைக்கல் குவியலாகவே கிடந்தது. அதில் வழிபட்ட சபை ஒல்லாந்தரோடு போய்விட்டது. கூரை வேண்டும் என்று கேட்க எந்தப் பங்கும் இல்லை. சட்டமும் இந்த வேறுபாட்டைத் தன் வழியில் செய்கிறது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழஞ்சின்னத்துக்கு வைத்திருக்கும் பொது எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி அரசு பிரித்தானியர் கைக்குப் போன நாள். நெடுந்தீவுக் கோட்டை அந்தக் கோட்டுக்கு அப்பால். அமலமரித் தியாகிகள் 1847இல் வந்தவர்கள் என்பதால் அவர்கள் கட்டிய கூர்வளைவுக் கோயில்கள் இப்பால். ஆகவே அவற்றை எப்படிச் சீரமைப்பது என்பதைப் பெரும்பாலும் பங்குத்தந்தையும் பங்கு மக்களும் மேசனும்தான் தீர்மானிக்கிறார்கள். தொல்லியலாளர் இதில் கவலைப்பட நியாயம் இருக்கிறது: சீமெந்து, தகரம், அலுமினியம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே வரும். மறுபக்கம், அருங்காட்சியகமாகிவிடும் ஆபத்து இந்தக் கோயில்களுக்குக் குறைவு.

கொங்கிறீற்றுத் தூணும் விட்டமும் வைத்துக் கட்டும் கோயிலில் சன்னலுக்கு மேலே சுமை எதுவும் இறங்காது. விட்டம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். சதுரச் சன்னல் போதும், செலவும் குறைவு. ஆனாலும் மேசன் பலகையில் இரண்டு விற்களை வரைந்து அச்சு வெட்டி, முனை சேரும் வளைவை வார்ப்பது உண்டு. முருகைக்கல் போய், சுண்ணாம்பு போய், மரக்கதவு போனாலும் அந்த முனை நிற்கும். வியொல்லே லெ டுக் இதைப் பார்த்தால் தம் கட்சி என்பார், ரஸ்கின் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு பேருமே இதைத் தவறாகத்தான் வாசிப்பார்கள். அந்த முனையைக் கேட்பவர்களுக்கு 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சும் தெரியாது, 19ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சியும் தெரியாது. தங்கள் தகப்பன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் சன்னல் அப்படி இருந்தது என்பது தெரியும்.

இந்தச் சிந்தனைக்குச் சைவ மரபில் ஓர் எல்லைக்கல் பூசலார் நாயனார். திருநின்றவூரில் பொருள் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளை மாற்றச் சொல்லிவிட்டுச் சிவன் அவர் கோயிலுக்குப் போனார் என்கிறது பெரியபுராணம். கல் தேவையில்லை என்பதற்கு இந்தக் கதையை எடுத்துக்காட்டுவார்கள். கதையைக் கவனித்தால் பூசலார் மனத்திலும் தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், அடித்தளம் தொடங்கிச் சிகரம்வரை படிப்படியாக எழுப்புகிறார், கிணறும் குளமும் அமைக்கிறார். மனக்கோயிலுக்கும் அளவும் வடிவமும் வேண்டியிருக்கிறது. கல்லே இல்லாமல் கோயில் கட்டியவர்கூட ஒரு வடிவமில்லாமல் அதை நினைக்கவில்லை.

நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குட்பட்ட கச்சதீவில் ஆள் குடியிருப்பு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தை ஒட்டி, அந்தோனியார் திருவிழாவுக்கு இலங்கை, இந்தியா ஆகிய இரு கரைகளிலிருந்தும் படகுகள் வரும். அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் எழுப்பிய சிறிய கோயில் ஒன்றுதான் இருந்தது. திருவிழாக் கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்று புதிய ஆலயம் கட்டியபோது பழையதை விரிவாக்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. பக்கத்தில் வேறொரு இடத்தில் கட்டினார்கள். 2016 டிசம்பரில் யாழ்ப்பாண ஆயர் அதை மந்திரித்தார். பழைய கோயில் தன் இடத்திலேயே நிற்கிறது.